ஸ்வென்யாவின் கட்டிக்குப் பெயர் கிடைத்தது

நெக்கார் ஆற்றில் படகுகளுக்கு மதகு திறந்துவிடும் கெரோல்டின் மகள் ஸ்வென்யா, ஒன்பது வயதில் மூளைக் கட்டியால் இறந்துபோனாள். அது என்ன வகைக் கட்டி என்று கடைசிவரை யாருக்கும் பிடிபடவில்லை. கட்டியின் டி.என்.ஏ. மேல் படிந்திருந்த மெத்தில் என்ற வேதிக் குறிகளை ஆயிரக்கணக்கான கட்டிகளோடு கணினியில் ஒப்பிட்டும், எதோடும் பொருந்தவில்லை என்றுதான் அறிக்கை வந்தது.

ஆறு வருடம் கழித்து ஹைடல்பெர்க் ஆய்வகத்திலிருந்து டாக்டர் வீப்கே அவரை வரச்சொன்னார். கெரோல்ட் வேலை உடுப்போடே போய் உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணுக்கு இருந்த அதே குறிங்க, அச்சு அசலா, வேற பதினேழு பிள்ளைங்ககிட்ட கிடைச்சிருக்கு. இது தனி வகைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. பேரும் வச்சாச்சு."

"அதுல யாராச்சும் உசுரோட இருக்காங்களா, டாக்டரம்மா?"

"கடைசியா வந்த ரெண்டு பேர். வகை தெரிஞ்சதால வேற மருந்து கொடுத்தாங்க."

"புது மருந்தா?"

"இல்லீங்க. அப்பவே இருந்த மருந்துதான். உங்க பொண்ணுக்கு அதைக் கொடுக்கணும்னு எங்களுக்குத் தெரியல. மன்னிச்சிடுங்க."

பிழைத்த அந்த இரண்டு பிள்ளைகள் மேல் கெரோல்டுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வீட்டில் மனைவி அல்முட் வாசலிலேயே நின்றிருந்தாள். கட்டியின் பெயரையும் பதினேழு பிள்ளைகளையும் பற்றி அவளிடம் சொன்னார்.

"அப்போ நம்ம புள்ளைக்கு மட்டும் வந்ததில்லையா?" என்று கேட்டு அவள் அழுதாள். அழுகையிலும் ஒரு நிம்மதி தெரிந்தது.

மருந்தைப் பற்றி கெரோல்ட் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பிறகு எப்போதும்.