அத்தானின் அணுக்கள்

புருஷனைப் பறிகொடுத்த அக்கா முதன்முதலாக வீட்டை விட்டுக் கிளம்பி வந்தது தங்கையின் ஆய்வகத்துக்குத்தான். தங்கைக்கு அங்கே டெங்கு ஆராய்ச்சியில் வேலை. கொசுவழி உடம்புக்குள் வரும் வைரஸை ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் எப்படி எதிர்கொள்கின்றன என்று பார்ப்பது.

"அவரோட ரத்தம் இங்க இருக்குன்னு சொன்னியே," என்றாள் அக்கா, உட்காராமலே.

இருந்தது. பஸ் டிரைவரான அத்தானுக்குச் சில வருஷங்களுக்கு முன் டெங்கு வந்து, லேசாகப் படுத்திவிட்டுப் போயிருந்தது. தேறியதும் ஆராய்ச்சிக்கென்று தானே வந்து கையை நீட்டினார். "நல்லாப் பாரும்மா, பாதி டீசலாத்தான் இருக்கும்," என்று ஊசி குத்தியவளையும் சிரிக்க வைத்தார். அந்த ரத்தத்தின் வெள்ளை அணுக்களைப் பிரித்து ஒரு குப்பியில் உறைய வைத்திருந்தார்கள்.

இந்த மழைக்கு மறுபடி டெங்கு, வேறு வகை. காய்ச்சல் விட்டதும் மனுஷர் எழுந்து முகம் மழித்துக்கொண்டார். வீட்டில் எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. தங்கை மட்டும் போனில் தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"காய்ச்சல் விட்டப்புறம்தான் அத்தான் ஆபத்தே. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"ஆள விடும்மா. உடம்பு கல்லு மாதிரி இருக்கு."

சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். கைகால் சில்லிட்டது. ஆஸ்பத்திரியில் எவ்வளவோ போராடியும் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருந்தது. மறுநாள் எல்லாம் முடிந்துபோனது.

"ஒரு தடவ பாக்கணும்," என்றாள் அக்கா.

அந்தக் குப்பி எப்படியும் அந்த வாரச் சோதனைக்கு எடுக்க வேண்டியதுதான். தங்கை தலைமை ஆய்வாளரிடம் கேட்டுக்கொண்டு வந்து, வெதுவெதுப்பான நீரில் உருக்கி, ஒரு சொட்டில் நீலச் சாயம் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

"செத்த அணு நீலமாயிடும். உயிரோட இருக்கிறது சாயத்த உள்ள விடாது."

அக்கா குனிந்து பார்த்தாள். "எல்லாம் பளபளன்னு இருக்கே."

"உயிரோட இருக்குக்கா."

வெகுநேரம் அவள் கண்ணை எடுக்கவில்லை. பிறகு கேட்டாள்: "அவரோட அணுவே அவருக்கு எமனாச்சுன்னு டாக்டர் சொன்னாரு. இதுல எதுடி அவரக் கொன்னது?"

தங்கை ஸ்டூலை அக்கா பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மொத தடவ வந்தப்போ உடம்பு எதிர்ப்புச் சக்தி பண்ணி வச்சுது. ரெண்டாவது வந்தது பாக்க அதே மாதிரி, ஆனா வேற. பழைய சக்தி போய் அதப் பிடிச்சுதே தவிர, முடக்க முடியல. பிடிச்சுக் குடுத்தத இந்த அணுவுங்க அப்படியே முழுங்கிடுச்சு. உள்ள போய் அது பெருகிடுச்சு. மத்த அணுவெல்லாம் போட்ட கூப்பாட்டுல ரத்தக் குழாயே தளர்ந்து போச்சு."

"வேணும்னு பண்ணல."

"இல்லக்கா. காப்பாத்தத்தான் பாத்துச்சு."

"அவரும் அப்படித்தான். சண்டைய விலக்கப் போய் அடி வாங்கிட்டு வருவாரு." அக்கா சிரிக்கப் பார்த்தாள், வாய் கோணிக்கொண்டது. "இனி என்ன பண்ணுவ?"

"அந்த வைரஸையே இதுல விடணும். எந்த இடத்துல ஏமாறுதுன்னு தெரிஞ்சா, தடுப்பூசி பண்றவங்களுக்கு உதவும். நீ வேண்டாம்னா விட்டுடறேன்."

"வலிக்குமா?"

"வலிக்காது."

"செய். அதுக்குத்தானே குடுத்தாரு."

அக்காவை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தங்கை உள்ளறைக்குப் போனாள். எத்தனையோ பேரின் அணுக்களில் விட்ட அதே துளிதான். துளி விடும் பிப்பெட்டை இறக்கி வைத்துவிட்டுச் சற்று நின்றாள். "அத்தான்," என்று மட்டும் சொன்னாள். பிறகு விட்டாள்.

வெளியே வந்தபோது அக்கா கதவோரம் நின்றிருந்தாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

தாழ்வாரத்தில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.