வெளியூர்ப் பிரிவு

துறைமுகச் சைக்கிள் கழகத்தின் செயலாளர் லெஸ்லி, துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞர். ஒழுங்கான மனிதர், யாரோடும் கோபித்துக்கொள்ளத் தெரியாதவர். அறுபத்தெட்டாம் ஆண்டு சித்திரை ஓட்டத்துக்குப் பிரிவுகளும் விதிகளும் வகுக்கும் கூட்டத்தில் அவர்தான் அதிகம் பேசினார்.

ஓட்டம் கடினமானது. திருகோணமலை டவுனில் தொடங்கி நிலாவெளிக்குப் போய்த் திரும்பி, கண்டி றோட்டால் தம்பலகாமம் வரை போய் மீண்டும் டவுனுக்கு வரவேண்டும். அதையே இரண்டு தடவை செய்யவேண்டும். நூறு மைலுக்குக் கிட்ட வரும். வெயில் ஏறிவிட்டால் கடற்கரை றோட்டில் தார் உருகிச் சைக்கிள் ரயரில் ஒட்டும்.

விதிகள் சுலபமாக முடிந்தன. லொறியைப் பிடித்துக்கொண்டு ஓடக்கூடாது. காற்றுப் போனால் ஓட்டை விழுந்த ரியூப்பைத் தானே ஒட்டவேண்டும். திரும்பும் இடத்தில் கையில் கட்டும் நாடாவோடு வராதவர் ஓட்டத்தில் இல்லை. வளைந்த கைப்பிடிப் பந்தயச் சைக்கிளுக்கு ஒரு பிரிவு, சாதாரணச் சைக்கிளுக்கு ஒரு பிரிவு. வெற்றிக் கப் சாதாரணச் சைக்கிளுக்குத்தான், ஏனென்றால் ஊரில் எல்லாரிடமும் இருந்தது அதுதான்.

அதன்பிறகு லெஸ்லி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"சாதாரணச் சைக்கிளை இன்னும் ரெண்டாப் பிரிச்சா நல்லம் எண்டு நினைக்கிறன். டவுன் பிரிவு, வெளியூர்ப் பிரிவு. கப் டவுன் பிரிவுக்கு. துறை தாண்டித் தூர இருந்து வாற ஆக்களுக்கும் ஒரு பரிசு கிடைக்கும்."

தலைவர் பாக்கியரத்தினம் மாஸ்டர் தலையாட்டினார். டவுனில் புடவைக்கடை வைத்திருந்த கலீலுர் றஹ்மான் மட்டும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நிலாவெளி எதில சேரும்?"

"நிலாவெளிக்கு பஸ் போகுதே. அது டவுனோட."

"தம்பலகாமம்?"

"அதுவும் நேர் றோட்டுத்தானே."

"அப்ப பாதையில ஏறி வாறவங்க மட்டும் வெளியூர்."

கிண்ணியாவிலிருந்து டவுனுக்கு வர, துறையில் பாதை என்று சொல்லும் மிதவையில் சைக்கிளை ஏற்றித்தான் கடக்கவேண்டும். போன வருடம் கப்பை வென்ற அபூதாஹிர் கிண்ணியாக்காரர். இரண்டாவதாக வந்த றொபேட், லெஸ்லியின் மனைவி சீலாவின் தம்பி, அவர்கள் வீட்டிலேயே இருப்பவன். இது அந்த மேசையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"ஓம்," என்றார் லெஸ்லி.

கலீலுர் றஹ்மான் தேத்தண்ணிக் கோப்பையை மீண்டும் எடுத்தார். ஆதரவாகக் கை தூக்கச் சொன்னபோது அவர் தூக்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை. லெஸ்லி அவருடைய முகத்தைப் பார்க்காமல் கடதாசிகளை அடுக்கினார். தான் செய்தது அநியாயமில்லை, ஒரு பரிசு கூடுதலாகத்தானே வருகிறது என்று வீட்டுக்குப் போகும் வழி முழுக்கத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லவேண்டியிருந்ததே அவருக்கு உறுத்தியது.

பேர் கொடுக்க அபூதாஹிர் நேரில் வந்தார். நெட்டையான, அதிகம் பேசாத மனிதர். மீன்பெட்டி கட்டிய சைக்கிளில் தினமும் தம்பலகாமத்து வயல்வெளிகளுக்குள் போய் விற்றுவிட்டு வருகிறவர். லெஸ்லி பிரிவுகளை விளங்கப்படுத்தினார்.

"ஓட்டம் ஒண்டுதானே?"

"ஓட்டம் ஒண்டு. பரிசுதான் வேற."

"வெளியூரில எத்தின பேர் ஓடுறாங்க?"

லெஸ்லி பேனை மூடியைத் திருகினார். "இப்போதைக்கு நீங்கள் மட்டும்தான்."

"அப்ப நான் ஓட முந்தியே வெண்டுட்டன்," என்றார் அபூதாஹிர். அவர் சிரிக்கவில்லை. கையெழுத்தை வைத்துவிட்டுப் போனார்.

ஓட்டத்தன்று விடியவே மைதானம் நிறைந்துவிட்டது. பிரிவு பிரிவாகத்தான் விடுவது என்று லெஸ்லியே எழுதியிருந்தார். டவுன் பிரிவுக்காரர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு புறப்பட்டுப் போனார்கள். புழுதி அடங்கியது. பிறகு அபூதாஹிர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கோட்டில் நின்றார். இடப்பக்கம் யாரும் இல்லை, வலப்பக்கமும் யாரும் இல்லை. சனத்துக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பரவியது. கிண்ணியாவிலிருந்து வந்து கயிற்றோரம் நின்ற பெண்களும் ஆண்களும் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களில் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி லெஸ்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அபூதாஹிரின் மனைவி நஜ்முன் நிஸா அவள்தான் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். கொடியைக் கீழே இறக்கிய லெஸ்லியின் காது இரண்டும் சுட்டன.

மத்தியானம் தாண்டி, நெருப்பு வெயிலில், சாதாரணச் சைக்கிளில் முதலாவதாக வந்தது அபூதாஹிர்தான். பின்னால் றோட்டு வெறுமையாகக் கிடந்தது. காலையில் சிரித்த சனமே இப்போது கைதட்டிக் கூவியது. நெடுநேரம் கழித்து றொபேட் வந்தான். உதடு வெடித்து, கால் நடுங்கி, சைக்கிளிலிருந்து இறங்கமுடியாமல் இருவர் தாங்கிப் பிடித்தார்கள். "முதலாவது, முதலாவது" என்று கூட்டாளிகள் அவனைத் தூக்கப் போனபோது, தன்னைப் பகிடி பண்ணுகிறார்கள் என்றுதான் நினைத்தான்; கப் எல்லாருக்கும் முந்தி வருகிறவருக்குத்தான் என்று அவன் நம்பியிருந்தான்.

ஒலிபெருக்கியில் பெயர் வாசித்தது லெஸ்லி. கப் றொபேட்டுக்கு. வெளியூர்ப் பிரிவின் பரிசாக, தேத்தண்ணி சூடாறாமல் வைக்கும் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல் அபூதாஹிருக்கு. றொபேட் மேடைக்கு வந்து கப்பை வாங்கும்போது மெதுவாகக் கேட்டான்.

"அத்தான், இதென்ன?"

"பிறகு கதைப்பம்."

அன்று பின்னேரம் றொபேட் கப்பைக் குசினி மேசையில், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தான். சீலா சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"உந்தப் பிரிவை எனக்காகத்தான் போட்டனீங்களோ?" என்று றொபேட் அத்தானைக் கேட்டான்.

லெஸ்லி இல்லையென்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. "ஓம்."

"நான் கேட்டனானோ?"

"கேக்கேல்லை."

"ஒரு வருசமா விடியப்புறம் எழும்பி நிலாவெளிக்கு ஓடினனான், அந்த மனிசனை முந்தவேணும் எண்டு. முந்த ஏலாமல் போயிருந்தால் அது என்ர பாடு. இப்ப என்னை றோட்டில ஆர் கண்டாலும் என்ன சொல்லப்போகினம்?"

சீலா புருசனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். "உங்களுக்கு ஏனப்பா இந்த வேலை," என்று மட்டும் சொன்னாள். அந்தக் கிழமையே றொபேட் உப்புவெளியில் ஒரு கூட்டாளி வீட்டுக்கு மாறிப் போய்விட்டான். கப் வீட்டிலேயே கிடந்தது. வருகிற ஆட்கள் அதைப் பார்த்து ஏதாவது கேட்கும்போதெல்லாம் லெஸ்லிக்கு எழும்பி வெளியே போகவேண்டும் போலிருந்தது. கடைசியில் சீலா அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் லெஸ்லி துறையைக் கடந்து கிண்ணியாவுக்குப் போனார். அபூதாஹிர் வேலியோரம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஆளைக் கண்டதும் எழும்பி, உள்ளே போய்க் கதிரை கொண்டுவந்து போட்டார். நஜ்முன் நிஸா கதவு மறைவிலிருந்து தேத்தண்ணி நீட்டினாள்.

"அந்தப் பிரிவு நான் போட்டது," என்றார் லெஸ்லி. "உங்களை மனதில வைச்சுத்தான் போட்டனான். மச்சான் வெல்லவேணும் எண்டு."

"தெரியும். பேர் குடுக்க வந்த அண்டைக்கே விளங்கிட்டு."

"விளங்கியும் ஏன் ஓடினனீங்கள்?"

"ஓடாம உட்டா பயந்துட்டான் எண்டு சொல்லுவாங்க."

லெஸ்லி கோப்பையைக் கீழே வைத்தார். மன்னிப்புக் கேட்க வீட்டிலிருந்தே வார்த்தை தேர்ந்து வந்திருந்தார். அதற்குள் அபூதாஹிர் மீண்டும் பேசினார்.

"கப்ப ஆருக்கும் குடுங்க, அது உங்கட கழகத்துச் சாமான். என்னத் தனிய நிக்க வெச்சீங்களே, அதுதான் மனசுல கிடக்கு. எல்லாரோடயும் சேத்து உட்டிருக்கலாம். என்ட புள்ள பாத்துக்கிட்டு இருந்தது."

"அடுத்த வருசம் அந்த விதியை எடுத்துப்போடுவன்."

"எடுத்தா நல்லம்," என்றார் அபூதாஹிர். வாக்கை நம்பியவர் போலவும் இல்லை, நம்பாதவர் போலவும் இல்லை.

அடுத்த வருடக் கூட்டத்தில் லெஸ்லி சொன்ன வாக்கின்படி எழும்பினார். வெளியூர்ப் பிரிவு வேண்டாம், சாதாரணச் சைக்கிள் எல்லாம் ஒன்றாக ஓடட்டும் என்றார். பாக்கியரத்தினம் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"போன வருசம் நீர்தானே கொண்டுவந்தது. நல்ல யோசனைதானே. டவுன் பெடியள் எல்லாரும் விரும்பினம். இந்த முறை கூடுதலா ஆக்கள் பேர் குடுத்திருக்கினம், கப் தங்களுக்கு வரும் எண்டு."

"அது பிழை மாஸ்டர். நான் பிழையான காரணத்துக்குச் செய்தனான்."

"காரணம் என்னவும் இருக்கட்டும். விதி நல்ல விதி."

வாக்கெடுத்தார்கள். லெஸ்லி கையைத் தூக்கினார். கொஞ்சம் பொறுத்து கலீலுர் றஹ்மானும் தூக்கினார். வேறு கை எழும்பவில்லை.

வெளியே வந்து சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது கலீலுர் றஹ்மான் சொன்னார்.

"போன வருசம் நான் எதிர்த்துக் கை தூக்கியிருக்கலாம், லெஸ்லி. கடைக்கு டவுன் ஆக்கள்தானே வாறாங்க எண்டு யோசிச்சனான்."

"நான் கொண்டுவராட்டி நீங்கள் தூக்க வேண்டியே வந்திராது."

சந்திக்கு வந்ததும் இருவரும் சைக்கிளில் ஏறி வேறுவேறு பக்கம் போனார்கள்.

செயலாளர் வேலையை விட்டுவிடுங்கள் என்று சீலா சொன்னாள். லெஸ்லி விடவில்லை. விட்டால் அது தப்பி ஓடுவது மாதிரி இருக்கும் என்று அவருக்குப் பட்டது. ஒவ்வொரு சித்திரையிலும் தன் வாயாலேயே அந்த விதியை மைதானத்தில் வாசித்தார், ஒவ்வொரு கூட்டத்திலும் அதை எடுக்கச் சொல்லித் தோற்றார். கிண்ணியாவிலிருந்து பிறகு யாரும் ஓட வரவில்லை.

அபூதாஹிர் டவுனுக்கு வருவது மட்டும் நிற்கவில்லை. மீன்சந்தையில் லெஸ்லியைக் கண்டால் அவர்தான் முதலில் தலையசைத்து, "வீட்டில சுகமா?" என்று கேட்பார். லெஸ்லி பதில் சொல்லிவிட்டு, வாங்க வந்த மீனை வாங்காமலே பலமுறை திரும்பியிருக்கிறார்.