மரத்துக்கு ஜாமீன்

மாமரம் எப்போது பூக்க வேண்டும் என்று என் பையன் நாள் குறித்தான். நானும் தலையாட்டினேன். நான் செய்த தப்பு அதுதான்.

2005, புரட்டாசி மாதம். வேங்கிக்கால் ஊர் ஓரத்தில் எனக்கு ஒன்பது மாமரம். சுற்றிலும் மனை போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். பையன் மாறனுக்கு டவுனில் ஒரு லாட்ஜில் மேனேஜர் வேலை.

"ரெண்டு வருஷமா காய் கம்மி நைனா. தை முடியறதுக்குள்ள பூக்கலைன்னா வெட்டிட்டு மனை போட்டுடலாம்" என்றான்.

மார்கழி பாதியிலேயே பூ வைத்துவிடும் மரங்கள். எனக்கு என்ன பயம்? "பூக்கலைன்னா வெட்டிக்கோ போ" என்றேன்.

அந்த வருஷம் பார்த்து மழை விடவேயில்லை. ஐப்பசி, கார்த்திகை பூராவும் ஊற்றியது. மார்கழி பிறந்தும் தூறல். கொல்லையில் கால் வைத்தால் கணுக்கால் வரைக்கும் இறங்கியது. வேர் ஈரத்திலேயே இருந்தால் மாமரம் தளிர்தான் விடும். மண் காய்ந்து, ராத்திரிக் குளிர் கொஞ்ச நாள் நிற்க வேண்டும். அப்புறம்தான் பூ. அந்தக் குளிர் தை பாதியில்தான் வந்தது. ஒன்பது மரமும் செவசெவவென்று தளிர்த்து நின்றன. ஒரு பூ இல்லை.

தை கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை. மாறன் வந்தான். கூடவே மரம் அறுக்கிற மூர்த்தி, ரம்பம், கோடாலி எல்லாம்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. காய்க்காத மரத்தின் முன்னால் ஒருவர் கோடாலியை ஓங்கி, வெட்டிடுவேன் என்று மிரட்ட வேண்டும். இன்னொருவர் குறுக்கே வந்து, விட்டுடு, இனிமேல் காய்க்கும், நான் ஜாமீன் என்று கெஞ்ச வேண்டும். மிரட்டியவர் திரும்பிப் போய்விடுவார். மரம் பயந்துபோய்க் காய்க்குமாம்.

என் பொண்டாட்டி ரேணுகாம்பாள் மாறனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். அவனும் இறங்கி வந்தான். "நைனா கெஞ்சட்டும். ஒரு வருஷம் விட்டுடறேன்" என்றான்.

முதல் மரத்தின் எதிரே போய்க் கோடாலியை ஓங்கினான். "வெட்டிடுவேன்."

நான் சும்மா நின்றேன்.

"வெட்டிடுவேன் நைனா."

"காது கேக்குது."

கோடாலி நல்ல கனம். லாட்ஜில் சாவி தூக்குகிற கைக்குத் தாங்கவில்லை. இறக்கினால் அவனுக்கு அசிங்கம். மூர்த்தி சிரிப்பை அடக்கப் பீடி பற்றவைத்தான்.

"ஒரு வார்த்தை சொல்லேன்யா. வாய் தேஞ்சிடுமா?" என்றாள் ரேணுகாம்பாள்.

"திருடனுக்குத்தான் ஜாமீன். மரம் இன்னா திருடுச்சு? மழை லேட்டு, பூவும் லேட்டு. நான் எதுக்குக் கெஞ்சணும்?"

"நீ குடுத்த வாக்கு?" என்றான் மாறன்.

"நான் குடுத்தேன். மரம் குடுக்கலை. இப்ப திருப்பி வாங்கிக்கறேன். எங்கப்பன் பேச்சு மாத்தறவன்னு ஊர் பூரா சொல்லிக்கோ."

"அப்ப நிஜமாவே வெட்டிடுவேன்."

மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். "வெட்டு. என்னையும் சேத்து அறுக்கணும்னு மூர்த்திகிட்ட பேசிட்டியா?"

"ஆளை விடு சாமி" என்று மூர்த்தி ரம்பத்தைச் சாக்கில் சுற்றினான்.

மாறனுக்கு முகம் சிவந்துவிட்டது. ரேணுகாம்பாள் குறுக்கே போய், "விட்டுடுடா, நான் ஜாமீன்" என்றாள். அவள் முடிப்பதற்குள் கோடாலி தரையில் கிடந்தது. வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டான். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மாசி பதினேழில் பூ வந்தது. ஒன்பதில் ஆறு மரம். பிந்தி வந்த பூ. வெயிலில் பாதி கருகும், பிஞ்சிலும் பாதி காற்றில் கொட்டும். எனக்குத் தெரியாதா? ஆனாலும் பூத்தது.

கோடாலிக்குப் பயந்து பூத்தது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள் ரேணுகாம்பாள். நான் ஒவ்வொரு வீடாகப் போய், இல்லை, மழை விட்டதால் பூத்தது என்று சொல்லிவிட்டு வருகிறேன். ஒருத்தரும் கேட்பதாக இல்லை.

நேற்று மாறன் வந்து அண்ணாந்து பார்த்தான். "பாக்கி மூணு எப்ப நைனா பூக்கும்? ஒரு தேதி சொல்லு."

"அடுத்த வருஷம் மழை என்னிக்கு விடும்னு நீ தேதி சொல்லு. அப்புறம் நான் சொல்றேன்."