கர்ட்டன்காரரின் புதுக் கண்ணாடி

"அந்தச் சின்ன ஃபிரேமைப் போட்டா உங்க மூஞ்சி பூசணிக்காய் மாதிரி இருக்கு. கழட்டுங்க முதல்ல."

"கல்யாணத்துலேர்ந்து இதே மாதிரிதானடி போட்டிருக்கேன். அப்பல்லாம் பூசணிக்காய் தெரியலையா?"

"அப்ப மூஞ்சி ஒல்லியா இருந்துச்சுங்க. நான் என்ன பண்ண?"

கண்ணாடிக் கடையில் முறைக்காகக் காத்திருந்தவர்கள் எல்லாரும் போனை மடியில் வைத்துவிட்டு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டார்கள். சண்டை போட்டுக்கொண்டிருந்தவர் ஜன்னல்களுக்குக் கர்ட்டன் தைத்து மாட்டிக் கொடுப்பவர். தெருவில் அவருக்குக் கர்ட்டன்காரர் என்றுதான் பெயர். எதிரே கை கட்டி நின்றவள் அவர் மனைவி.

கடைப் பெண் பொறுமையாக இருவருக்கும் நடுவில் வந்தாள்.

"சார், ஆன்ட்டி அழகுக்குச் சொல்றாங்க. நான் வேற காரணத்துக்குச் சொல்றேன். மேல தூரத்துக்கு, நடுவுல டேபிள் தூரத்துக்கு, கீழ படிக்கிறதுக்குன்னு மூணும் ஒரே லென்ஸுல வரணும். அதுக்கு உயரம் வேணும். இந்த ஒல்லி ஃபிரேம்ல படிக்கிற பாகம் பாதி வெட்டுப்பட்டுப் போயிடும்."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் மனைவி. ஏதோ அவளே லென்ஸ் கண்டுபிடித்த மாதிரி.

கடைசியில் கொஞ்சம் உயரமான பழுப்பு ஃபிரேம் ஒன்று முடிவாயிற்று. கடைப் பெண் அதை அவர் முகத்தில் மாட்டி, கண்ணின் கருமணிக்கு நேராகப் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஓரத்துல மங்கலாத்தான் இருக்கும் சார். கண்ணை மட்டும் உருட்டாதீங்க, எதைப் பாக்கணுமோ அதுக்கு நேரா மூக்கைத் திருப்புங்க. பழகக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் சும்மா சும்மா கழட்டக் கூடாது."

"ரொம்ப நல்லதாப் போச்சு. கிட்டயும் தூரமும் எனக்கே தெரிஞ்சிடும். இனிமே இவளுக்கு லீவு விட்டுடலாம்."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் உள்ளே சுருக்கென்று தைத்தது.

ஏன் தைத்தது என்று சொல்ல வேண்டும். கர்ட்டன்காரருக்குக் கிட்டப்பார்வை. கையருகே இருப்பது வெறும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், தூரத்துக்குக் கண்ணாடி வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு வீட்டில் ஏணி மேல் நின்று திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தபோது, வியர்வையில் கண்ணாடி வழுக்கி, கீழே இருந்த மீன்தொட்டிக்குள் விழுந்துவிட்டது. வீட்டுக்காரர் கையை விட்டுத் துழாவ, மீன்கள் அலற, ஒரே கூத்து. அன்றிலிருந்து அவர் ஏணி ஏறும்போது கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிடுவார். அவள் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எதிர்ச்சுவரோடு சுவராகப் போய் நிற்பாள். மேலே அவர் கிட்டத்தைப் பார்ப்பார். இங்கிருந்து அவள் தூரத்தைப் பார்ப்பாள்.

"வலது பக்கம் ஒரு நூல் ஏத்துங்க." ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "ஐயோ, ஏத்தச் சொன்னா பறக்க விடுறீங்களே, அரை நூல் இறக்குங்க. ஆங், அவ்வளவுதான், பூட்டுங்க."

நீர்க்குமிழி காட்டும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. பழைய வீடுகளில் கூரையே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மட்டத்துக்குச் சரியாகக் கர்ட்டன் கம்பியை வைத்தால் கண்ணுக்குக் கோணலாகத் தெரியும். அந்த அறையில் எது நேராகத் தெரிகிறதோ அதுதான் நேர். அதைத் தூரத்தில் நின்றுதான் சொல்ல முடியும்.

அப்படி நின்று நின்று அவள் பார்த்த வீடுகள் கொஞ்சமா! ஒரு ஜன்னலில் ரயில் போவது தெரியும், அவர் திருகாணி தேடும் நேரத்தில் அவள் பெட்டிகளை எண்ணுவாள். இன்னொரு வீட்டில் புதுப்பெண் ஒருத்தி, மஞ்சளா நீலமா என்று முடிவு செய்ய முடியாமல் அழுதே விட்டாள். அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்ததும் மறுபடி கூப்பிட்டார்கள், தூங்குகிற குழந்தைக்கு வெளிச்சம் படாத கனத்த துணி. அந்தப் பிள்ளை வளர்ந்து படிக்கும் அறைக்கும் போய் மாட்டினார்கள். திரும்பி வரும்போது வண்டியின் பின் இருக்கையில் ஏணியைப் பிடித்தபடி அவள் பேசிக்கொண்டே வருவாள். "அந்தச் சமையல்கட்டைப் பாத்தீங்களா?" அவர் எதையும் பார்த்திருக்க மாட்டார். அவர் பார்த்தது சுவரும் திருகாணியும்தான். வீடு எப்படி இருந்தது என்பதை அவள் வாயால்தான் அவர் தெரிந்துகொள்வார்.

லீவு என்றால் இதெல்லாம் போச்சு.

கண்ணாடி வந்தது. முதல் நாள் மாடிப்படி அவருக்கு அலை அலையாகத் தெரிந்தது. தண்ணீரில் இறங்குகிறவர் மாதிரி காலை நீட்டி நீட்டித் தேடினார். பேப்பர் படிக்க முகவாயைத் தூக்கினார், டிவி பார்க்கத் தாழ்த்தினார், கூப்பிட்டால் கோழி மாதிரி முழுத் தலையையும் வெடுக்கென்று திருப்பினார். "யாரைக் கொத்தப் போறீங்க?" என்று கேட்டாள். அவர் அசரவில்லை. கழற்றக் கூடாது என்றால் கழற்றக் கூடாது.

அந்த வாரமே டீச்சர் வீட்டு வேலை வந்தது. ஓய்வு பெற்ற டீச்சர், பழைய வாடிக்கை. அவள் கைப்பையை எடுத்தாள்.

"நீ எதுக்கு? முட்டியை நீட்டிப் படு. நான் பாத்துக்கறேன்."

ஏணியோடு தனியாகப் போனார். அவள் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஓரம் அடித்தாள். ஒரே துணியை இரண்டு தடவை பிரித்தாள். சாயங்காலம் அவர் விசில் அடித்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர் எப்படி இருக்காங்க? அந்த ரோஜாத்தொட்டி இன்னும் இருக்கா?"

"எந்தத் தொட்டி?"

மறுநாள் காலை போன் அடித்தது. அவள்தான் எடுத்தாள்.

"துணி ரொம்ப அழகாயிருக்கும்மா," என்றார் டீச்சர். "ஆனா படுத்துக்கிட்டுப் பாத்தா எனக்கே கப்பல்ல போற மாதிரி இருக்கு. நீ வரலையா நேத்து?"

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷப்பட்டதற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அவரிடம் குத்திக்காட்டாமல், "டீச்சர் கூப்பிடுறாங்க, நானும் வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

டீச்சரின் படுக்கையறை வாசலில் நின்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கம்பி வலது பக்கம் நாலு நூல் கீழே.

"நேராத்தானே இருக்கு?" என்றார் அவர். பிறகு தலையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். "இப்படிப் பாத்தா நேரா இருக்கு. அப்படிப் பாத்தா வளையுது. மொதல்ல நேராத்தான் மாட்டினேன். கீழ வந்து பாத்தா கோணலாத் தெரிஞ்சுது, ஏறி சரி பண்ணினேன்."

"நேரா இருந்ததைக் கோணலாக்கி வச்சிருக்கீங்க."

அவர் ஏணி ஏறினார். திருகாணி தலைக்கு மேலே இருந்தது, கிட்டத்தைப் பார்க்கும் பாகமோ லென்ஸின் அடியில் இருந்தது. மனுஷன் கழுத்தை முதுகு வரைக்கும் வளைத்து, வாயைப் பிளந்துகொண்டு முடுக்கினார்.

"கழட்டித் தொலைங்களேன். கிட்டத்துல உங்களுக்குத்தான் கண்ணாடியே வேணாமே!"

"கடைப் பொண்ணு கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கு."

"அந்தப் பொண்ணு உங்களை ஏணி மேல பாத்துச்சா?"

டீச்சர் சிரித்தே விட்டார். கர்ட்டன்காரர் முறைத்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிக் கீழே நீட்டினார். வாங்க வந்தவள் வாங்கவில்லை. ஏணியைப் பிடித்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"நான் வர்றது உங்களுக்கு இடைஞ்சலா இருக்குதாங்க?"

"யார் சொன்னா? ராத்திரியெல்லாம் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு முனகுற. எதிர்ச்சுவத்துல மணிக்கணக்கா நிக்க வச்சு உன் காலைக் கெடுத்ததே நான்தான். அதுக்குத்தானடி இவ்வளவு விலை குடுத்து இதை வாங்கினேன்."

அவள் ஒரு கையால் முட்டியைத் தடவிக்கொண்டாள்.

"முட்டி வீட்லயும்தான் வலிக்குது," என்றாள். "இங்க வந்தா நாலு ஜன்னல் பாக்கிறேன். நாளைக்கு உங்களுக்குப் பழகிடும், என் கண்ணு தேவைப்படாது, தெரியும். இருந்தாலும் நான் வரணும்."

"தேவைப்படாட்டியுமா?"

"தேவைப்படாட்டியும்."

அவர் மேலிருந்து அவள் முகத்தைப் பார்க்க முயன்றார். கண்ணாடி கையில் இருந்ததால் சரியாகத் தெரியவில்லை. "டீச்சர்," என்றார், "இவளுக்கு ஒரு நாற்காலி குடுங்களேன். உக்காந்துக்கிட்டே என்னைத் திட்டட்டும்."

சில வாரங்களில் மாடிப்படி படியாகிவிட்டது. இப்போது கீழே இறங்கி நேராக மூக்கைத் திருப்பினால், கோணலா இல்லையா என்று அவருக்கே தெரிகிறது. ஏணியில் மட்டும் கழற்றிவிடுகிறார். அவள் எல்லா வீட்டுக்கும் போகிறாள். வீட்டுக்காரர்கள் டீ கொடுத்தால் உட்கார்ந்து குடிக்கிறாள். போகிற வழியில் அவர் இப்போதெல்லாம் சொல்கிறார், "எதையெல்லாம் பாக்கணும்னு முன்னாடியே சொல்லிடு, அப்புறம் தொட்டி தெரியலையான்னு திட்டாத."

ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் சண்டை ஓயவில்லை. ஏணி மேல் கழற்றினால் பழகினது கெட்டுப்போகும் என்று அவர் பயப்படுகிறார், ஒன்றும் ஆகாது என்கிறாள் அவள். இந்த மாதிரிக் கண்ணாடி போட்டுத் தலைக்கு மேல் கை தூக்கி வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் என்ன செய்கிறீர்கள், பழக எத்தனை நாள் ஆயிற்று என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். கூட வருகிறவர் இருந்தால் அவரைப் பற்றியும் எழுதுங்கள்.