ஆறு மில்லிமீட்டர் இடைவெளி

ரீபா மடிக்கணினித் திரையை மூன்றாம் முறையாகப் பார்த்தாள். தன் கண்தான் தப்பாகப் பார்க்கிறது என்று நம்ப ஆசைப்பட்டாள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

பாளையங்கோட்டையில் மோட்டார் ஸ்டார்ட்டர்களுக்கு சர்க்யூட் போர்டு வரைந்து கொடுக்கும் சின்ன நிறுவனத்தில் அவளுக்கு வேலை. வரைவது என்னவோ மென்பொருள்தான். எந்தப் பாகம் எங்கே உட்கார வேண்டும், எந்தத் தடம் எதற்கு எவ்வளவு தள்ளி ஓட வேண்டும் என்று விதி எழுதிக் கொடுப்பது ரீபா. கரண்ட் ஓடும் தடத்துக்கும் ஆள் கை படுகிற பக்கத்துக்கும் நடுவே ஆறு மில்லிமீட்டர் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி எழுதியிருந்தாள். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் கம்பியைக் கடைசியில்தான் சேர்த்தாள். பட்டியலில் அதன் பேரை எழுத மறந்துபோனாள். எழுதாததைச் செய்ய அந்த மென்பொருளுக்கு என்ன தலையெழுத்தா? குறுக்கு வழியாகப் பார்த்து, மோட்டார் ஓடும்போது பாயும் இருநூற்று முப்பது வோல்ட்டை உரசிக்கொண்டு அதன் தடத்தை இழுத்துவிட்டு, பிழை எதுவும் இல்லை என்று பச்சை காட்டியிருந்தது.

அந்தக் கம்பியின் மறுமுனை செய்துங்கநல்லூருக்கு அந்தப் பக்கம், அவளுடைய அப்பா அப்பாத்துரையின் தோட்டத்துத் தொட்டித் தண்ணீரில் கிடந்தது.

சோதனைக்குப் போயிருக்க வேண்டிய போர்டு அது. அவர்கள் வீட்டில் முதல் வாழைத்தாரைக் கோயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் அடுத்த தாரை வெட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில், தான் வரைந்த முதல் போர்டு அப்பாவின் மோட்டாருக்குத்தான் என்று, சோதனையைத் தள்ளிவைத்துவிட்டுச் சனிக்கிழமை கொண்டுபோய் மாட்டினாள். அப்பா அதன்மேல் கைவைத்து ஜெபம் வேறு செய்தார். ஓட்டிப் பார்க்க நேரமில்லை. தினமும் காலை பத்து மணிக்குத் தானாக ஓடும்படி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். மறுநாள் ஞாயிறு என்பது அப்போது அவள் மனசில் இல்லை.

இப்போது ஞாயிறு காலை மணி பத்தேகால்; மோட்டார் ஓடத் தொடங்கியிருக்கும். ஆராதனை முடிந்து அப்பா பத்தே முக்காலுக்கு வருவார். வந்ததும் முதல் வேலையாகத் தொட்டிக்குள் கையை விட்டு முகம் கழுவுவார்.

போன் அடித்தாள். அணைத்து வைத்திருந்தார். கோயிலுக்குப் போகும்போது போனைப் பீரோவில் பூட்டிவிட்டுப் போகிற மனிதர். அந்த நேரத்தில் ஊரே கோயிலில்தான் இருக்கும். யாரைக் கூப்பிடுவது?

ஸ்கூட்டரை எடுத்தாள். சாவி இரண்டு முறை கீழே விழுந்தது. வழியில் ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. திருச்செந்தூர் ரயில் ஆடி அசைந்து போனது. கண்ணை மூடினால் தொட்டியோரம் வெள்ளை வேட்டி விழுந்து கிடந்தது. ஜெபிக்கப் பார்த்தாள், வார்த்தை வரவில்லை.

தோட்டத்துக்குள் நுழைந்தபோது பத்து ஐம்பது. அப்பா தொட்டிமேல் குனிந்திருந்தார்.

"அப்பா! தண்ணியிலே கை வைக்காதிய!"

அவர் நிமிர்ந்தார். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. "என்னட்டி, பேயடிச்ச மாதிரி வந்து நிக்கே?"

அப்போதுதான் கவனித்தாள், மோட்டார் ஓடவில்லை.

"மோட்டார் ஏம்ப்பா ஓடலை?"

"பீஸை உருவிட்டுல்லா கோயிலுக்குப் போனேன்." சட்டைப்பையிலிருந்து பீங்கான் பீஸ் கட்டையை எடுத்துக் காட்டினார். "ஓய்வுநாள் எனக்கு மட்டுமா? பிள்ளைய, வேலையாள், மாடுவரைக்கும் ஒண்ணுவிடாம எண்ணியில்லா ஆண்டவர் சொல்லியிருக்காரு. தானா ஓடினாலும் நம்ம மோட்டார்தானே?"

ரீபா அப்படியே வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அழுகையோடு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பாதிதான் நம்பினார். அவள் கம்பியைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் போட்டு, பீஸைச் சொருகி, மோட்டாரை ஓடவிட்டு, கம்பி முனையில் டெஸ்டரை வைத்தாள். சிவப்பாக எரிந்தது.

அப்பாத்துரை தன் ஈரக் கையைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாளைக்குக் காலையிலே பீஸை மாட்டியிருப்பேன்" என்றார்.

"ஒண்ணே ஒண்ணை எழுத விட்டுட்டேம்ப்பா."

அவர் பீஸை உருவி, இந்த முறை தன் பையில் போடாமல், மகளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். பீங்கானில் அவர் கைச்சூடு இருந்தது.