தொண்ணூற்றொன்பது, நூறு, நூற்றியொன்று

மதிவதனிக்குப் பிழை கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. துடியலூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே மாடியில் இருக்கிற டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பதினோரு வருசமாக லோயர், ஹையர் இரண்டும் சொல்லிக் கொடுக்கிறவள். பிள்ளைகள் அடித்துக் கொண்டுவரும் தாளைக் கையில் வாங்கியதுமே சிவப்புப் பேனாவின் மூடி கழன்றுவிடும். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட முதலில் தப்புக்கு வட்டம் போட்டுவிட்டு, அப்புறம்தான் யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பாள் என்று அவள் புருசன் அன்புமணி கேலி செய்வான். அதனால் அந்தச் சனிக்கிழமை மத்தியானம், அவனுடைய நோட்டில் முதல் பிழையைப் பார்த்தபோது அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசமாகக்கூட இருந்தது.

நோட்டில் பக்கம் பக்கமாக எண்கள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடித்து கேசட்டில் ஏற்றிவைக்க வேண்டும். மறுநாள் காலையில் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. அன்புமணி எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன்; அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பம்பு மோட்டார் புகைந்துபோய், தண்ணீர் இல்லாமல் வாழை வாடுகிறது என்று ஆள் வந்து கூப்பிட்டதும் கிளம்பிவிட்டான். போகும்போது நோட்டை அவள் கையில் கொடுத்து, “அப்படியே அடிச்சுப்போடு அம்மணி. நான் ஒத்த வெரல்ல அடிச்சா கிறிஸ்மஸ் வந்துபோகும்” என்றான். சொன்னது கிசுகிசுப்பாகத்தான். போன வருசத்திலிருந்து அவன் பேச்செல்லாம் கிசுகிசுப்புதான்.

பதினாலு வருசம் அந்தச் சர்ச்சின் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவன். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருளெல்லாம் ஊர்வலமாக உள்ளே வரும்போது பாடுவதற்கென்று அவனே ஒரு மெட்டுப் போட்டு, வருசா வருசம் அவனே பாடுவான். மேலே ஏறும் இடத்தில் அவன் குரல் எழும்பினால் ஹாரன் ஸ்பீக்கர் ஊளையிடும். மைக் செட் வேலுமணி அதற்கு முந்தின நொடியில் ஆம்ப்ளிஃபயர் திருகைச் சட்டென்று குறைத்துவிடுவான். “உங்க ஒரு ஆளுக்காகத்தானுங்க நான் டீக்குக்கூடப் போகாம இங்கயே நிக்கறேன்” என்று சலித்துக்கொள்வான். பிறகு தொண்டையில் ஒரு கட்டி, ஆபரேசன். இனிமேல் பேச்சு வரும், பாட்டு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அன்புமணி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். பாட்டு நடக்கும்போது அவன் உதடு அசைகிறதா என்று மதிவதனி திரும்பிப் பார்ப்பாள். அசையாது. வீட்டில் குளிக்கும்போதும் சைக்கிள் துடைக்கும்போதும் கேட்டுக்கொண்டே இருந்த குரல் இல்லாமல் போனதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி அழுதால் அவன் காதில் விழுந்துவிடுமே என்று பயம்.

அந்தக் கம்ப்யூட்டர் உக்கடத்தில் அப்துல் வஹீது பாயின் பழைய இரும்புக் கடையில் கிடந்தது. ஏதோ பள்ளிக்கூடத்தில் புதுசு வாங்கியதும் கழித்துக்கட்டிய பழைய சரக்கு. விசைப்பலகைதான் மொத்தக் கம்ப்யூட்டரும். பாயின் மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுத்துவிட்டு, கூலிக்குப் பதிலாக இதைக் கேட்டு வாங்கி வந்தான். பாய்க்கே சிரிப்புத் தாங்கவில்லையாம். எரிந்துபோயிருந்த பவர் பகுதிக்குத் தானே கம்பி சுற்றினான். கறுப்பு வெள்ளை டிவியில் மாட்டினான், டேப் ரெக்கார்டரில் மாட்டினான். கூடவே வந்த இங்கிலீஷ் புத்தகத்தை மதிவதனி ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பக்கம் பக்கமாகப் படித்து அர்த்தம் சொன்னாள். ஒரே நேரத்தில் மூன்று குரல் பாடும், நாலாவதாக இரைச்சல் மட்டும் போடும் என்று தெரிந்ததும் அந்த மனுசன் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவள் மறக்கமாட்டாள். அந்த வெறும் இரைச்சலைத் துண்டு துண்டாக நறுக்கி அவன் ஜால்ரா செய்தான், தபேலா மாதிரி ஒன்று செய்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் இதையெல்லாம் எங்கே கற்றான் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஓடுகிற மோட்டாரின் மேல் கையை வைத்து, காதைச் சாய்த்து, எந்தச் சுற்றில் கோளாறு என்று சொல்லிவிடுகிற ஆள். அதே காதுதான் இதற்கும். “ஆர்மோனியத்துல ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவுல ஒண்ணுமில்ல அம்மணி. இதுல நடுவுல மூணு படி இருக்குது” என்று ஒருநாள் வந்து நின்றான். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். “அப்படீங்களா” என்றாள்.

பாடகர் குழுவின் தலைவி செவ்வந்தி டீச்சர் இந்த வருசம் அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். ஊர்வலத்தின்போது கம்ப்யூட்டர் அந்தப் பாட்டை வாசிக்கட்டும். சரியாக வராவிட்டால் அடுத்த வருசத்திலிருந்து அந்த மெட்டை விட்டுவிட்டு வேறு பாட்டுக்குப் போகலாம் என்று பேச்சு. அவர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். அன்புமணி இரண்டு மாசம் வேலைவிட்டு வந்ததும் நோட்டோடு உட்கார்ந்து, பாட்டின் ஒவ்வொரு சுரத்தையும் கம்ப்யூட்டருக்குப் புரிகிற எண்ணாக எழுதினான்.

அடிக்க ஆரம்பித்துப் பத்து நிமிசத்தில் மதிவதனிக்கு ஒழுங்கு பிடிபட்டுவிட்டது. 81, 89, 97, 101, 109. எல்லாம் ஒரே கணக்கில் நாலு நாலாக, எட்டு எட்டாகத் தள்ளி நின்றன. நடுவில் திடீரென்று ஒரு 99, பக்கத்தில் ஒரு 100, அப்புறம் 101. களைத்துப்போய் எழுதியிருக்கிறான், பாவம் என்று நினைத்தாள். இரண்டையும் வட்டம் போட்டு, ஓரத்தில் 101 என்று எழுதி, அப்படியே அடித்தாள். போகப்போக இன்னும் நிறைய வந்தன. அறுபத்திரண்டு தப்பு. ஒன்றையும் விடவில்லை. சாயங்காலம் கேசட்டில் ஏற்றி முடித்தபோது புருசனுக்குப் பெரிய ஒத்தாசை செய்துவிட்ட திருப்தி. கடைசி பஸ்ஸில் வந்தவன் சாப்பிட்டதும் தூங்கிப்போனான்.

காலையில் சர்ச்சு வாசலில் கரும்பும் வாழைத்தாரும் மஞ்சள் குலையும் குவிந்து கிடந்தன. பீடத்துக்கு இடதுபக்கம் ஒரு மேசையில் டிவியையும் கம்ப்யூட்டரையும் டேப் ரெக்கார்டரையும் வைத்தார்கள். கம்ப்யூட்டரில் ஒலி வருகிற ஓட்டைகளுக்குப் பக்கத்தில் வேலுமணி மைக்கைத் தாழ்த்திக் கட்டினான். கேசட் ஓடி எண்களெல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஏறி முடிந்ததும் ஒத்திகைக்கு ஒரு தடவை போட்டார்கள். பாட்டு வந்தது. தாளம் தவறவில்லை, ஒரு இடம் தடுக்கவில்லை. “சுத்தமா இருக்குதுங்க” என்றார் செவ்வந்தி டீச்சர். பிள்ளைகள் கைதட்டின. மதிவதனி பெருமையோடு புருசனைப் பார்த்தாள். கட்டி வைத்த மோட்டார் ஓடாதபோது நிற்பானே, அப்படி நின்றுகொண்டிருந்தான்.

“ஏனுங்க, என்னாச்சுங்க?”

“பாட்டு சரிதான் அம்மணி,” என்றான். அவள் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது. “பாடறது நானில்ல.”

நோட்டை எடுத்துப் புரட்டினான். சிவப்பு வட்டங்கள். அவன் கோபப்பட்டிருந்தால் தேவலாம். முதல் வட்டத்தின்மேல் விரலை வைத்து, “இது தப்பில்ல. இங்க நான் கீழ இருந்து ஏறி வாரேன்” என்றான்.

மதிவதனி வட்டத்துக்குள் இருந்த 99-ஐப் பார்த்தாள். அவன் எந்தச் சுரத்திலும் நேராகப் போய் நின்றதே இல்லை. சற்றுக் கீழே தொட்டு, அங்கிருந்து இழைந்து மேலே வருவான். கல்யாணமான புதிதில், படியேற அலுப்பா என்று அவளே அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். நடுவில் மூன்று படி இருக்கிறது என்று அவன் சொன்னது இதைத்தான்; 97-க்கும் 101-க்கும் நடுவில் 98, 99, 100. அந்த மூன்று படிகளிலும் தன் குரலை ஒவ்வொரு எண்ணாகத் தேடி எடுத்து வைத்திருக்கிறான். அவள் போய் அறுபத்திரண்டு இடத்திலும் அவனைத் திருத்தியிருக்கிறாள். பதினோரு வருச டீச்சர் வேலையில் முதல் தடவையாகத் தன் கைமேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

“ஆராதனைக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்குதுங்க” என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைமுன் உட்கார்ந்தாள். “நீங்க சொல்லச் சொல்ல நான் அடிக்கறேன்.”

பழைய வரியை அழிக்க வேண்டியதில்லை. அதே வரி எண்ணைப் போட்டுப் புதிதாக அடித்தால் பழையது போய்விடும். வட்டம் எங்கெங்கே என்று தேட வேண்டியதும் இல்லை; சிவப்பில் அவளே காட்டி வைத்திருக்கிறாளே. அன்புமணி அவள் தோளருகே குனிந்து, வரியை முழுசாகக் கிசுகிசுத்தான். எண்பத்தி ஒம்பது, தொண்ணூத்தி ஏழு, தொண்ணூத்தி ஒம்பது, நூறு, நூத்தி ஒண்ணு. அவன் வாய் மூடுமுன் அவள் விரல் முடித்திருக்கும். கரும்பைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள். செவ்வந்தி டீச்சர், “அடேங்கப்பா” என்றார். டைப்ரைட்டிங் டீச்சர் என்றால் என்ன என்று அந்தச் சர்ச்சுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மதிவதனி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெறும் எண் என்று நேற்றைக்கு அடித்ததெல்லாம் இன்றைக்கு அவன் மூச்சாக அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது.

கடைசி வட்டத்தை அடித்து முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. கேசட்டில் ஏற்ற நேரமில்லை, போட்டுக் கேட்கவும் நேரமில்லை. கரண்ட் ஒரு நொடி போனாலும் எல்லாம் போய்விடும். அவள் வேலுமணியைப் பார்த்தாள். “நல்லவேளை, மொதல்லயே ஜெனரேட்டர்ல குடுத்துப்போட்டனுங்க. கரண்டு என் பொறுப்பு” என்றான் அவன்.

ஊர்வலம் வாசலில் வந்து நின்றதும் செவ்வந்தி டீச்சர் தலையசைத்தார். மதிவதனி RUN என்று மூன்று எழுத்தை அடித்துவிட்டு, பாட்டை ஓடவைக்கிற கடைசிக் கட்டையை அவனுக்கு விட்டு நகர்ந்துகொண்டாள். அன்புமணி ஒற்றை விரலால் அதை அழுத்தினான்.

முதலில் இரண்டு குரல்கள் கீழே மெதுவாக ஓட, இரைச்சலில் செய்த ஜால்ரா சேர்ந்துகொண்டது. வாழைத்தாரைத் தோளில் வைத்தவர்கள் தாளத்துக்கு அடியெடுத்து உள்ளே வந்தார்கள். மூன்றாவது குரல் தொடங்கியது. சின்னக் குரல், கொசுவின் குரல் என்றே சொல்லலாம். ஒலிபெருக்கிக்குத் தொந்தரவு தருகிற குரலே இல்லை. மதிவதனி கண்ணை மூடிக்கொண்டாள். அது சரியாக இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆசையில் தனக்கு மட்டும் அப்படிக் கேட்கிறதோ என்று பயமாக இருந்தது. மேலே ஏறும் இடம் வருகிறது என்று தெரிந்ததும் கண்ணைத் திறந்தாள்.

வேலுமணி தூணில் சாய்ந்தபடி வாசலில் வருகிற கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். குரல் கீழே தொட்டு மேலே வரத் தொடங்கியது. அவன் திரும்பவில்லை. அவன் கை மட்டும் தானாக நீண்டு ஆம்ப்ளிஃபயர் திருகைப் பிடித்துச் சட்டென்று குறைத்தது.

அப்புறம்தான் அவன் தன் கையைப் பார்த்தான். கையைப் பார்த்தவன், மேசையருகே உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிற அன்புமணியைப் பார்த்தான். திருகிலிருந்து விரலை எடுக்காமல், ஒலியை மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினான்.