நான்கு இடங்களுக்கு ஒரு டிக்கெட்

ஒரு டிக்கெட்டில் நான்கு இடங்கள் பார்க்கலாம். விமானம் இறங்குவதைப் பார்க்கும் மேடு, பழைய செங்கல் சூளை, தண்ணீர் ஏற்றாமல் விட்டுவிட்ட உயரமான தண்ணீர்த் தொட்டி, பறவை ஏரி. ஒவ்வொரு வாசலிலும் டிக்கெட்டின் ஓரத்தில் ஓட்டை போட்டுத் தருவார்கள். நகரம் முடிகிற இடத்தில் இருக்கும் இந்தப் புறநகரில் பார்ப்பதற்கு அவ்வளவுதான். அவள் கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருடம் ஆகிறது. எதையும் பார்த்ததில்லை.

"இங்கயே இருந்துக்கிட்டு ஒண்ணுகூடப் பாக்கலையா?" என்றான் தம்பி.

"உங்க ஊர்ல பெரிய மியூசியம் இருக்கே, நீ பாத்திருக்கியா?"

"போயிருக்கேன். லிஃப்ட் ரிப்பேருக்கு."

"உள்ள என்ன இருக்கு?"

"மோட்டார் ரூம் இருக்கு."

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊர் பார்க்க வந்தவன் இல்லை. அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனையில் இயந்திரத்தோடு படுக்கிறாள். கணவருக்குச் சர்க்கரை. அவரிடமிருந்து எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தம்பி ஒருவன்தான் மிச்சம். லீவு போட்டு வந்து, ரத்தம் கொடுத்து, ஸ்கேன் எடுத்து, சொன்ன அறைக்கெல்லாம் போனான். முடிவை மருத்துவர் அவனிடம் மட்டும் சொல்வார். அங்கே அதுதான் முறை. கொடுக்க மனமில்லை என்றால் காரணம் கேட்க மாட்டார்கள். பொருந்தவில்லை என்று மருத்துவரே வீட்டாரிடம் சொல்லிவிடுவார். யாருக்கும் யார்மீதும் மனத்தாங்கல் வராது.

முடிவு இன்னும் வரவில்லை என்று தம்பி சொல்லியிருந்தான்.

வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். முந்தாநாள் இயந்திரத்தில் படுத்திருந்தபோது தம்பியின் மனைவி போன் செய்தாள்.

"அண்ணி, உங்ககிட்ட சொன்னாரா?"

"என்ன சொல்லணும்?"

"எல்லாம் பொருந்திடுச்சாம்."

அப்புறம் கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் மேலே தொங்கிய பையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி. வெயிட் தூக்கற வேலை. பசங்க ரெண்டும் சின்னது. நீங்க கேட்டா அவர் மாட்டேன்னு சொல்ல மாட்டார். அதனால நீங்க வாய் விட்டுக் கேக்காதீங்க. அவராச் சொன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"கேக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"கேக்க மாட்டேன்மா."

கணவரிடம்கூட இதை அவள் சொல்லவில்லை. இன்று காலை அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "உடம்பு இருக்கற இருப்புல ஊர் சுத்தணுமா?" என்றார்.

"வந்ததுலேர்ந்து ஆஸ்பத்திரியத்தான் பாத்திருக்கான். போறப்ப ஊரையும் பாத்துட்டுப் போகட்டும்."

மேட்டில் படி உயரமாக இருந்தது. அவள் இடது முழங்கைக்குக் கீழே தம்பி பிடித்தான். பிடித்த கையை உடனே எடுத்தான்.

"என்னக்கா இது, உள்ள ஏதோ ஓடுது?"

"ரெண்டு நரம்ப ஒண்ணா சேத்துத் தச்சிருக்காங்க. ஊசி போட. அந்தக் கைல பை மாட்டக் கூடாது, அமுக்கக் கூடாது."

அவள் ஒரு சலவைக் கடையில் பேன்ட் மடித்துத் தைக்கிறாள். தையல் என்று சொல்லும்போது அவளுக்கு அதில் பயம் ஒன்றும் இல்லை.

தம்பி இரண்டு விரலை அந்த இடத்தில் லேசாக வைத்தான். தலையைச் சாய்த்தான். வேலையில் இருக்கும்போது இப்படித்தான் நிற்பான் போலிருக்கிறது.

"சத்தம் சரியா இருக்கா மெக்கானிக்?"

"பேரிங் நல்லா இருக்கு."

அவள் சிரித்தாள். மேலே ஒரு விமானம் சக்கரத்தை நீட்டிக்கொண்டு போனது. அதன் வயிறு தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் போனைத் தூக்கினார்கள். சத்தம் அடங்கியதும் தம்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் அவன் பக்கம் திரும்பாமல் நின்றாள். திரும்பினால் கேட்பதுபோல் ஆகிவிடும்.

"அடுத்தது எப்ப வரும்?" என்றான்.

"தெரியலடா."

சூளையில் பார்க்க அதிகம் இல்லை. ஒரு புகைபோக்கி. கண்ணாடிப் பெட்டிக்குள் செங்கல். ஒரு கல்லில் நாய்க்கால் பதிந்திருந்தது. ஈரமாக இருந்தபோது மிதித்துவிட்டு ஓடிய நாய்.

"இதுக்கும் டிக்கெட் வாங்கிட்டாங்க பாரு," என்றான்.

"நாய்க்குப் பங்கு போயிருக்காது."

அவன் சிரிக்கவில்லை. செங்கலையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் அவனைக் குட்டை என்று கூப்பிடுவாள். இப்போது அவன் காதைப் பார்க்க அவள் அண்ணாந்து பார்க்க வேண்டும். காதோரம் நரைத்திருந்தது. அவள் வாயில் ஒரு சொல் வந்து நின்றது. கேட்டால் கொடுத்துவிடுவான். அவன் மனைவி சொல்வதற்கு முன்னாலேயே அது அவளுக்குத் தெரியும். அவள் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். தண்ணீருக்குப் பதில் மிட்டாய், நர்ஸ் சொல்லிக்கொடுத்தது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அவளுக்கு அளவு உண்டு.

தொட்டியின் உச்சிக்கு லிஃப்டில் போனார்கள். தம்பி கதவு மூடுவதைப் பார்த்தான். கிளம்பும்போது கூரையைப் பார்த்தான்.

"விழுந்துருமா?"

"விழாது. கொஞ்சம் இழுக்குது."

மேலே வட்டமாகச் சுற்றி வர நடைபாதை. வாசலில் சீருடை போட்ட ஒருவர் ஆளுக்கொரு காகிதக் கப்பில் தண்ணீர் கொடுத்தார்.

"மேல வந்தவங்க தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும். டிக்கெட்லயே சேத்தி."

"டேங்க் தண்ணியா?" என்றாள்.

"கேன் தண்ணிம்மா. டேங்க் காய்ஞ்சு எவ்வளவோ காலம் ஆச்சு."

அவள் தன் கப்பைத் தம்பியிடம் நீட்டினாள். அவன் தன்னுடையதைக் குடித்துவிட்டு அவளுடையதையும் குடித்தான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்கள். வீடுகள் எல்லாம் ஒரே உயரமாக இருந்தன.

"அதோ, நீலத் தகரம் போட்டிருக்கே, அது எங்க கடை. பின்னாடி பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் வீடு. மொட்டை மாடில உன் சட்டை காயுது பாரு."

"இங்கேர்ந்து சட்டை தெரியுதா?"

"தெரியல. சும்மாச் சொன்னேன்."

"அந்த வெள்ளைக் கட்டடம் என்ன?"

எல்லாவற்றையும் காட்டியவள் அதை மட்டும் விட்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரி."

தம்பி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கம்பியில் ஒட்டியிருந்த பெயின்ட்டை நகத்தால் சுரண்டினான்.

"அக்கா."

"ம்."

இடது கைக்குள்ளே ஓடுவது அவளுக்குக் காதில் கேட்பதுபோல் இருந்தது.

"ரிசல்ட் வந்துடுச்சு. காலைலதான் போன் பண்ணாங்க. பொருந்தலையாம்."

அவள் நீலத் தகரத்தைப் பார்த்தாள்.

"ரத்தம் ஒண்ணுதானாம். அது பிரச்சனை இல்லையாம். ஆனா உள்ள வேற ஏதோ பாப்பாங்களாம், அதுல ஒரு நம்பர் வருமாம். அது நமக்குச் சரியா வரலையாம். அக்கா தம்பின்னாலும் சில பேருக்கு அப்படி ஆகுமாம். அந்த டாக்டருக்கே ஆச்சரியமாம். இன்னொரு தடவ பாக்கலாமான்னு நான் கேட்டேன். பிரயோஜனம் இல்லன்னு சொல்லிட்டார்."

உண்மையை அவன் இரண்டு வார்த்தையில் சொல்வான். சிறுவனாக இருந்தபோது பொய்யென்றால் நீளமாக வரும். பேனா தொலைந்த கதையில் ஒரு காக்காயும் ஒரு சைக்கிள்காரரும் வருவார்கள். அப்போதெல்லாம் அவள் நடுவிலேயே நிறுத்தி, போதும்டா, நீட்டி நீட்டிப் புளுகாதே என்பாள்.

இப்போது முடியும்வரை கேட்டாள். தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் உடைந்துவிடுவான். கொடுக்கிறேன் என்றும் சொல்லிவிடுவான். அது கேட்டதற்குச் சமம்.

"அப்படியா?" என்றாள்.

"ஆமாக்கா."

"சரி விடு. நீ என்ன பண்ணுவ."

"மாமாகிட்ட..."

"நான் சொல்லிக்கறேன்."

அவன் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தான். காற்று பலமாக இருந்தது. வியர்க்கிற இடம் இல்லை. அவள் கீழே பார்த்தாள். பாலத்தில் பேருந்து ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது மறுபக்கம் இறங்கும்வரை பார்த்தாள். பிறகு வாசலுக்கு நடந்து, சீருடைக்காரரிடம் கை நீட்டினாள்.

"இன்னொரு தண்ணி குடுங்க."

"தாராளமா."

கப் நிறைந்திருந்தது. அவள் நின்றுகொண்டே மெதுவாகக் குடித்தாள். இடையில் கப்பை வாயிலிருந்து எடுக்கவில்லை. கடைசிச் சொட்டுக்குத் தலையைப் பின்னால் சாய்த்தாள்.

"அக்கா, உனக்கு அளவு இருக்குல்ல?"

"நாளைக்கு மெஷின்ல எடுத்துருவாங்க."

கீழே வந்ததும் அவன், "போதும்க்கா. வீட்டுக்குப் போலாம்," என்றான். இடத்தை விட்டு ஓடிவிட வேண்டும்போல் நின்றான்.

அவள் டிக்கெட்டைக் காட்டினாள். மூன்று ஓட்டை இருந்தது.

"ஏரி பாக்கி இருக்கு. காசு குடுத்தாச்சு."

"உனக்கு முடியாது."

"உக்காந்து பாக்கற எடம்தான். நில்லு, ஒரு போட்டோ எடுக்கறேன். உன் பொண்டாட்டி கேப்பா, அங்க போய் என்னதான் பண்ணீங்கன்னு."

அவன் தொட்டியின் கீழே நின்றான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முன்னால் கட்டினான், பின்னால் கட்டினான், கடைசியில் தொங்கவிட்டான்.

"சிரிடா குட்டை."

உதடு மட்டும் விரிந்தது. அவள் எடுத்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து படத்தை அவன் மனைவிக்கு அனுப்பினாள். கீழே ஏதாவது எழுத வேண்டும். நான் கேட்கவில்லை என்று எழுதினாள். அழித்தாள். ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று எழுதி அனுப்பினாள். பதில் வருவதற்குள் போனைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"ஏரில என்ன பறவ வரும்?" என்று தம்பி கேட்டான். 

"போய்ப் பாத்தாத் தெரியும்."

பேருந்து வந்தது. அவன் முதலில் ஏறி, படியில் நின்று திரும்பி, கையை நீட்டினான். அவளுடைய இடது கைப் பக்கமாக நீட்டிவிட்டு, ஞாபகம் வந்து மாற்றினான்.

அவள் வலது கையைக் கொடுத்தாள்.